தாமதம் அவளுடையது அல்ல



பதிவு கொஞ்சம் நீளம். கணக்கு வாத்தியாருக்குக் கம்ப்யூட்டரில் என்ன வேலை என்று தாண்டிப் போய்விடாதீர்கள். உங்களில் நிறையப் பேர் சென்னை, பெங்களூரு, துபாய் என்று ஐ.டி.யில் இருக்கிறீர்கள். சிலர் இன்று நாலு பேரை வேலை வாங்கும் இடத்திலும் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சென்ற மாதம் என் பழைய மாணவி ஒருத்தியைப் பார்க்கக் குரங்கணி போயிருந்தேன். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். பத்தாம் வகுப்பில் பார்வை மங்கத் தொடங்கி, கல்லூரி முடிப்பதற்குள் முழுவதும் போய்விட்டது. அப்படியும் படித்தாள். இப்போது ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்க்கிறாள். கொட்டகுடி ஆற்றுச் சத்தம் கேட்கும் வீடு. மேசையில் ஒரு லேப்டாப், காதில் ஒரு ஹெட்செட். அவ்வளவுதான் அவள் அலுவலகம்.

கண் தெரியாதவர்கள் கம்ப்யூட்டரில் எப்படி வேலை செய்வார்கள் என்று உறவினர்கள் சிலர் கேட்பீர்கள். ஸ்கிரீன் ரீடர் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. திரையில் இருப்பதைக் குரலாகப் படித்துச் சொல்லும். அம்புக்குறியை ஒருமுறை அழுத்தினால் அடுத்த வரியைப் படிக்கும். டேப் விசையை அழுத்தினால் அடுத்த பொத்தானின் பெயரைச் சொல்லும். இவள் பயன்படுத்துவது என்.வி.டி.ஏ. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006-ல் தொடங்கியது. பிறகு அவருடைய நண்பர் ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். அவரும் பார்வையற்றவர். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. தமிழும் படிக்கும். பழகியவர்கள் நிமிடத்துக்கு 300 சொற்களுக்கு மேல் வைத்துக் கேட்பார்கள். எனக்கு அது ஆட்டோ சத்தம் மாதிரித்தான் கேட்டது. அவளுக்கு ஒவ்வொரு எழுத்தும் புரிகிறது.

அவளுடைய வேலை முழுவதும் விர்ச்சுவல் மெஷின் என்ற ஒன்றுக்குள் நடக்கிறது. கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர். ஒரே வீட்டில் தடுப்பு வைத்து இன்னொரு குடித்தனம் விடுகிறோமே, அந்த மாதிரி. குழாய் ஒன்று, மீட்டர் ஒன்று, குடித்தனம் இரண்டு. உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் கெட்டுப்போனால் வெளியே பாதிக்காது. அழித்துவிட்டுப் பழைய நிலையிலிருந்து மறுபடி ஆரம்பிக்கலாம். அதனால் டெஸ்டிங் செய்கிறவர்களுக்கு இது அன்றாடக் கருவி.

சிக்கல் அங்கேதான். வெளிக் கம்ப்யூட்டரில் விசையை அழுத்தியதும் குரல் வருகிறது. உள்ளே போய் அழுத்தினால் ஏறக்குறைய அரை விநாடி கழித்து வருகிறது. அவள் செய்துகாட்டியபோது, “இவ்வளவுதானா?” என்றுதான் எனக்குத் தோன்றியது. அவள் சிரித்துக்கொண்டே, “சார், நீங்க கண்ணை மூடிக்கிட்டு ஒரு பட்டியல்ல அஞ்சாவது வரிக்குப் போங்க” என்றாள்.

போனேன். மூன்றாவது வரியைக் குரல் சொல்லும்போது என் விரல் ஐந்தைத் தாண்டி ஏழில் இருந்தது. திரும்பி மேலே வந்தேன். குரல் இன்னும் ஏழைப் படித்துக்கொண்டிருந்தது. மறுபடி தவறினேன். மூன்றாம் முறை, ஒவ்வொரு அழுத்தலுக்கும் குரல் வரும்வரை காத்திருந்து போனேன். ஐந்து வரி நகர ஒரு யுகம் ஆனது. பேச்சை நிறுத்தக் கன்ட்ரோல் விசையை அழுத்தினால் அதுவும் உடனே நிற்கவில்லை. பேசி முடித்த பிறகு நிற்பதற்கு விசை எதற்கு?

கணக்கு வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? ஒரு நாளில் 6,000 முறை விசை அழுத்துகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் அரை விநாடி என்றால் 3,000 விநாடி. 50 நிமிடம். இது வெறும் காத்திருப்பு. தப்பான இடத்தில் அழுத்தித் திரும்பி வருவதையும், கவனம் சிதறுவதையும் இதில் சேர்க்கவில்லை.

நிறுவனத்திலிருந்து அவளுக்கு என்ன எழுதி வந்தது தெரியுமா? வேலை சரியாக இருக்கிறது, வேகம் போதவில்லை, தகுதிகாண் காலம் இன்னும் 3 மாதம் நீட்டிக்கப்படுகிறது. அதை அவளே ஸ்கிரீன் ரீடரில் எனக்குப் படித்துக்காட்டினாள்.

அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது. காரணம் சொல்கிறேன். அவள் பத்தாம் வகுப்பு படித்தபோது நான்தான் வகுப்பாசிரியர். கரும்பலகையில் எழுதுவதைப் பார்த்து எழுத எல்லாரையும்விட நேரம் எடுத்துக்கொண்டாள். முதல் பெஞ்சுக்கு மாற்றிப் பார்க்கவில்லை. கண் தெரிகிறதா என்று கேட்கவும் இல்லை. ரேங்க் கார்டில் “எழுதுவதில் மந்தம், வேகம் தேவை” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் கை மெதுவாக ஓடவில்லை. கரும்பலகை அவள் கண்ணுக்குப் போய்ச் சேர நேரமானது. இத்தனை வருடம் கழித்து, நான் எழுதிய அதே வரியை ஒரு நிறுவனம் எழுதியிருக்கிறது.

போடிக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். நம் ஊரில் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் மின்னேலம் 2007-லிருந்து நடக்கிறது. வியாபாரிகள் வரிசையாக உட்கார்ந்து, திரையில் ஏறும் விலையைப் பார்த்து விசையை அழுத்துவார்கள். ஒரு வியாபாரியின் திரையில் மட்டும் விலை அரை விநாடி தாமதமாகத் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் அழுத்தும்போது லாட் அடுத்தவருக்குப் போயிருக்கும். “இவருக்கு ஏலம் கேட்கத் தெரியவில்லை” என்று சொல்வோமா? “மிஷினை மாத்துங்கப்பா” என்று ஏல மண்டபமே கத்தும். அங்கே கத்துகிற நாம், இவள் விஷயத்தில் மட்டும் ஏன் ஆளைக் குறை சொல்கிறோம்?

சரி, அந்தத் தாமதம் எங்கிருந்து வருகிறது? என் தங்கை மகன் பெங்களூருவில் இந்தத் துறையில்தான் இருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவனைப் போனில் பிடித்து வைத்துக்கொண்டோம். அவன் விளக்கியது எனக்கு நம்ம ஊர் ரோப்வேயை நினைவுபடுத்தியது. மூணாறு தேயிலை அந்தக் காலத்தில் குண்டளை ரயிலில் டாப் ஸ்டேஷன் வரும். அங்கிருந்து ரோப்வேயில் கீழே கொட்டகுடிக்கு இறங்கும். அங்கிருந்து மாட்டுவண்டியில் போடி. 1924 வெள்ளம் அந்த ரயிலையே அடித்துக்கொண்டு போகும்வரை இப்படித்தான் நடந்தது. ரயில் வேகமாக வந்தாலும், ரோப்வே வேகமாக இறங்கினாலும், கை மாறும் ஒவ்வொரு இடத்திலும் பெட்டியை இறக்கி அடுக்கி, அடுத்த வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். நேரம் போவது வழியில் மட்டுமல்ல, கிடங்கிலும்தான்.

விர்ச்சுவல் மெஷினில் குரலும் இப்படித்தான் வருகிறது. உள்ளே இருக்கும் ஸ்கிரீன் ரீடர் எழுத்தைக் குரலாக மாற்றி, உள்ளே இருக்கும் சவுண்ட் கார்டிடம் கொடுக்கிறது. அது நிஜமான கார்டு இல்லை, மென்பொருள் போடும் வேஷம். அது வெளியே இருக்கும் மென்பொருளிடம் கொடுக்கும். அது வெளி விண்டோஸிடம் கொடுக்கும். அது நிஜமான சவுண்ட் கார்டுக்குப் போய், பிறகுதான் ஹெட்செட். சத்தம் விட்டு விட்டுக் கேட்கக்கூடாது என்பதற்காக ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் சேர்த்து வைத்துத்தான் அனுப்பும். அதை பஃபர் என்கிறார்கள். நான் கிடங்கு என்கிறேன். ஒரு கிடங்கில் 50 மில்லி விநாடி என்றால் நாலு கிடங்கில் 200 ஆகிவிட்டது. பாட்டுக் கேட்பவருக்கு இது தெரியவே தெரியாது. விசைக்கு விசை பதில் எதிர்பார்ப்பவருக்கு இதுதான் எல்லாம். பேச்சு உடனே நிற்காததற்கும் இதே காரணம்தான். உள்ளே நிறுத்தியாகிவிட்டது. ஏற்கெனவே கிளம்பிவிட்ட பெட்டிகள் வந்துகொண்டிருக்கின்றன.

அன்று நாங்கள் செய்தவற்றை எழுதிவைக்கிறேன். உங்களில் யாருக்காவது, உங்கள் அலுவலகத்தில் யாருக்காவது உதவும்.

முதலில், இரண்டு ஸ்கிரீன் ரீடரும் ஒரே நேரத்தில் முட்டிக்கொண்டிருந்தன. விர்ச்சுவல் மெஷின் ஜன்னலில் இருக்கும்போது வெளியில் உள்ளதைத் தூங்க வைக்க வேண்டும். என்.வி.டி.ஏ.வில் ஸ்லீப் மோட் என்று அதற்கே ஒரு வசதி உண்டு. அந்த ஒரு மென்பொருளுக்கு மட்டும் பேசாமல் இருக்கும்.

இரண்டாவது, வலது கன்ட்ரோல் விசை. பேச்சை நிறுத்த அவள் பழக்கத்தில் அதைத்தான் அழுத்துவாள். அந்த விர்ச்சுவல் மெஷின் மென்பொருளோ வலது கன்ட்ரோலைத் தனக்கென்று எடுத்து வைத்திருந்தது. அமைப்பில் போய் வேறு விசைக்கு மாற்றியதும் பாதி எரிச்சல் தீர்ந்தது.

மூன்றாவது, உள் கம்ப்யூட்டருக்கு ஒரே ஒரு பிராசஸர் கோர்தான் கொடுத்திருந்தார்கள். டெஸ்ட் செய்யும் மென்பொருளும் குரலும் அந்த ஒன்றுக்கே அடித்துக்கொண்டன. இரண்டாக்கினோம். “எல்லாத்தையும் கொடுத்துடலாமே” என்றேன். “வேணாம் மாமா, சத்தத்தைக் கடைசியா வெளியே விடுறது வெளிக் கம்ப்யூட்டர். அதைப் பட்டினி போட்டா மறுபடி திக்கும்” என்றான்.

நான்காவது, உள் விண்டோஸில் ஜன்னல் திறப்பதும் மூடுவதும் காட்டும் அசைவு அலங்காரங்களை நிறுத்தினோம். அவளுக்கு அவற்றால் பயனில்லை. ஆனால் படம் வரைய வேண்டிய வேலையை அந்தச் சின்னக் கம்ப்யூட்டர் சுமக்கிறது. உள் கம்ப்யூட்டருக்கென்று தனியாக வரும் டிரைவர் தொகுப்பும் போடாமலே இருந்தது. அதையும் போட்டோம்.

ஐந்தாவது, குரல். அவள் உள்ளே மனிதக் குரல் மாதிரி இருக்கும் ஒன்றை வைத்திருந்தாள். அது உருவாகவே நேரம் எடுக்கும். இ-ஸ்பீக் என்ற இயந்திரக் குரலுக்கு மாற்றினோம். கேட்க இனிமை கிடையாது, தகரத்தைத் தட்டுகிற மாதிரி இருக்கும். ஆனால் சின்னது, உடனே பேசும், எவ்வளவு வேகம் வைத்தாலும் எழுத்து பிசகாது.

ஆறாவது விஷயத்தில்தான் என் மனம் ஆறவில்லை. விர்ச்சுவல் மெஷின் ஜன்னலின் அடியில் ஒரு சின்ன ஆமைப் படம் இருந்தது. என்ன என்று போனில் கேட்டேன். வெளி விண்டோஸின் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு அடியில் ஓடுவதால், இந்த மென்பொருள் நேராக பிராசஸரைத் தொட முடியாமல் அதன் முதுகில் ஏறி ஓடுகிறது, அதனால் மெதுவாகும் என்று பயனாளருக்குச் சொல்லும் அடையாளமாம். பல மாதமாக அந்த ஆமை அங்கேயே உட்கார்ந்து “நான் மெதுவாக ஓடுகிறேன்” என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. படமாகச் சொல்வதால் அவளுக்கு மட்டும் அது தெரியாது. மிஷின் தன் தாமதத்தை ஒப்புக்கொண்டது. அந்த ஒப்புதல்கூட அவளிடம் போய்ச் சேரவில்லை. அந்தப் பாதுகாப்பு ஏற்பாட்டை நாங்கள் தொடவில்லை. அது நிறுவனத்தின் லேப்டாப், முடிவு அவர்களுடையது. அவர்களுக்கு எழுதிக் கேட்கச் சொன்னேன்.

இத்தனையும் செய்த பிறகு தாமதம் பாதிக்குக் கீழே வந்தது. எப்படித் தெரியும் என்பீர்கள். போனில் ரெக்கார்டரைப் போட்டு விசை “டிக்” என்று விழும் சத்தத்தையும் குரலையும் சேர்த்துப் பதிந்தோம். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறந்தால் இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி கோடு கோடாகத் தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளைகூட அளந்துவிடலாம்.

கடைசியாகச் செய்ததுதான் பெரிய மருந்து. குரலை அனுப்புவதையே நிறுத்திவிட்டோம். என்.வி.டி.ஏ.வில் ரிமோட் ஆக்ஸஸ் என்று ஒரு வசதி முன்பு தனியாக நிறுவ வேண்டியதாக இருந்தது. 2025-ல் வந்த பதிப்பிலிருந்து உள்ளேயே இருக்கிறது. உள்ளே இருக்கும் ஸ்கிரீன் ரீடர் பேசாது. என்ன சொல்ல வேண்டும் என்பதை மட்டும் எழுத்தாக வெளியே அனுப்பும். வெளியில் இருப்பது தன் சொந்தக் குரலில் பேசும். கணக்கைப் பாருங்கள். ஒரு விநாடிச் சத்தம், சிடி தரத்தில், 1,76,400 பைட். ‘அ’ என்ற எழுத்தை அனுப்ப 3 பைட் போதும். தேயிலைப் பெட்டியை ரோப்வேயில் இறக்குவதற்குப் பதில், “இன்னது வேணும்” என்று ஒரு சீட்டு அனுப்பிப் போடியிலேயே வாங்கிக்கொள்வது மாதிரி. கிடங்கே தேவையில்லை. அதன் பிறகு வெளியே வேலை செய்வதற்கும் உள்ளே வேலை செய்வதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவளுக்கு லேசாகத் தெரிகிறதாம். “இது போதும் சார், இதுல நான் ஓடிடுவேன்” என்றாள்.

இதே தொந்தரவு அலுவலக சர்வரில் இருக்கும் விண்டோஸுக்குள் நெட் வழியாகப் போய் வேலை செய்பவர்களுக்கும் உண்டு. அங்கே நெட்டின் தாமதமும் சேர்ந்துகொள்ளும். ஜாஸ் என்ற விலை கொடுத்து வாங்கும் ஸ்கிரீன் ரீடரிலும் இரண்டு பக்கமும் நிறுவி, பேச்சை நம் பக்கத்திலேயே உருவாக்கும் வசதி உண்டு. வழி ஒன்றுதான். சத்தத்தை அனுப்பாதே, சொல்லை அனுப்பு.

இனி என் கருத்து. செலவு எவ்வளவு ஆனது என்று பாருங்கள். ஒரு ரூபாய்கூட ஆகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையும், தெரிந்தவன் ஒருவனும் போதுமாக இருந்தது. நிறுவனத்தில் இதைவிடத் தெரிந்தவர்கள் ஐம்பது பேர் இருப்பார்கள். யாரும் அளந்து பார்க்கவில்லை. ஏனென்றால் “ஸ்கிரீன் ரீடர் வேலை செய்கிறதா?” என்ற கேள்விக்கு “செய்கிறது” என்று டிக் அடித்தாகிவிட்டது. பேசுகிறது, அதனால் சரி. எப்போது பேசுகிறது என்று யாரும் கேட்கவில்லை. நான் வகுப்பில் கரும்பலகையில் எழுதிவிட்டேன், அதனால் என் கடமை முடிந்தது என்று நினைத்த மாதிரி.

“ஒருத்திக்காக இவ்வளவு மெனக்கெட முடியுமா?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆளை வேலைக்கு எடுத்துவிட்டுக் கேட்க வேண்டிய கேள்வி அல்ல அது. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதைச் சலுகையாகச் சொல்லவில்லை, உரிமை என்கிறது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் டிஜிட்டல் வசதிகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றே சொல்லிவிட்டது. அரை விநாடி பிந்தி வரும் அணுகலை முழு அணுகல் என்று என்னால் சொல்ல முடியாது.

“கூடுதல் நேரம் கொடுத்துவிடலாமே” என்று நல்ல மனதோடு சொல்பவர்களும் உண்டு. பரீட்சையில் கூடுதல் நேரம் அவசியம், அதை நானே கேட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் கருவியின் கோளாறை ஆளின் நேரத்தால் அடைப்பது சரியல்ல. எட்டு மணி நேர வேலைக்கு அவள் ஒன்பது மணி நேரம் உட்கார வேண்டும், அதே சம்பளத்துக்கு. அதை உதவி என்று சொல்லாதீர்கள்.

“பாதுகாப்புக் காரணங்களால் எதையும் மாற்ற முடியாது” என்பது மூன்றாவது பதில். இதில் ஓரளவு நியாயம் உண்டு. அதனால்தான் நாங்கள் ஆமையைத் தொடவில்லை, ரிமோட் ஆக்ஸஸையும் வெளி இணையம் போகாமல் அந்த லேப்டாப்புக்குள்ளேயே இணைத்தோம். அதற்கும் முன்கூட்டியே மெயில் போட்டு அனுமதி வாங்கிக்கொண்டாள். ஆனால் ஒரு விசையை மாற்றுவதிலும் ஒரு கோர் கூட்டுவதிலும் என்ன பாதுகாப்புக் கெட்டுவிடும்? எல்லாவற்றுக்கும் ஒரே பதில் சொல்வது யோசிக்காமல் இருப்பதற்கான வழி.

இப்போது வேண்டுகோள். உங்கள் அலுவலகத்தில் விர்ச்சுவல் மெஷின் தயாரித்துக் கொடுப்பவர் யாரோ, அவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். அதில் சவுண்ட் இருக்கிறதா? சர்வரில் உருவாக்கும்போது பல நேரம் சவுண்ட் கார்டே வைக்காமல் விட்டுவிடுகிறார்கள். விசை அழுத்தி எவ்வளவு நேரத்தில் பேசுகிறது? கன்ட்ரோல் அழுத்தி எவ்வளவு நேரத்தில் நிற்கிறது? இந்த இரண்டு எண்ணையும் அளந்து எழுதி வையுங்கள். திரையை அணைத்துவிட்டு, ஹெட்செட் மாட்டி, பத்து நிமிடம் நீங்களே உட்கார்ந்து பாருங்கள். பத்தாவது நிமிடத்தில் உங்களுக்கே புரியும்.

மேலாளராக இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. ஒருவரைப் பற்றி “வேகம் போதவில்லை” என்று எழுதுவதற்கு முன்னால், அவர் கைக்குப் போவதும் காதுக்குப் போவதும் சரியான நேரத்தில் போகிறதா என்று ஒருமுறை அளந்துவிட்டு எழுதுங்கள். அளக்காமல் எழுதியவன் நான். அனுபவத்தில் சொல்கிறேன்.

அவளுடைய அடுத்த மதிப்பீடு வரும் மாதம். என்ன ஆகும் என்று தெரியாது. கிளம்பும்போது ரேங்க் கார்டு விஷயத்தைச் சொல்லி, “தப்புப் பண்ணிட்டேன் தாயி” என்றேன். “அது எங்கம்மா டிரங்குப் பெட்டியில இன்னும் இருக்கு சார், திருத்திக் கொடுத்துட்டுப் போங்க” என்றாள். சிரிப்பாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் அம்மா நிஜமாகவே எடுத்துவந்துவிட்டார். அந்த வரியை அடித்துவிட்டுக் கீழே தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

உங்கள் அலுவலகத்தில் அளந்து பார்த்தால் என்ன வந்தது என்று கீழே எழுதுங்கள். அவளிடம் படித்துக் காட்ட வேண்டியதில்லை. அவளே கேட்டுக்கொள்வாள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்